வயிற்றுவலிக்கு வாங்கிய பாஸ்

1

போன மாதம் சிரம்பான் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சீட்டு எழுதும் ஜன்னலில் இருந்த மலாய்க் குமாஸ்தா என்ன நோய் என்று கேட்டார். நான் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சந்தையில் மீன் வாங்கவும் பஸ்ஸில் இறங்கும் இடம் சொல்லவும் என் மலாய் போதும். ஆனால் அடிவயிற்றுக்கும் கீழே, இடுப்பெலும்புக்குள் பிடித்து முதுகுவரை இழுக்கிற வலியை அந்த பாஷையில் எப்படிச் சொல்வது? "சாக்கிட் பெருட்" என்றேன். வயிற்றுவலி என்று அர்த்தம். வயிற்றுப்போக்குக்காரர்கள் வரிசைக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்த வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெண்கள் டாக்டரிடம் விட்டார்.

அந்த டாக்டரம்மா மலையாளத்துப் பெண். ஓரளவு தமிழ் பேசுவார். பரிசோதித்து முடித்ததும் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை வருஷமா இந்த வலி?"

"பதினாலு வயசுலேர்ந்து."

"இப்போ எத்தனை வயசு?"

"நாப்பத்தொண்ணு."

டாக்டர் சீட்டைத் தள்ளி வைத்தார். பிறகு ஒரு காகிதத்தில் கவிழ்த்த சொம்பு மாதிரி கர்ப்பப்பையை வரைந்து விளக்கினார். கர்ப்பப்பைக்குள்ளே படிந்திருக்க வேண்டிய சவ்வு சில பெண்களுக்கு வெளியே, குடல்மேலும் சினைப்பைமேலும் ஒட்டி வளருமாம். மாதாமாதம் உள்ளே ரத்தம் கசிகிறபோது வெளியே இருப்பதும் கசியுமாம். அந்த ரத்தம் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிப் புண்ணாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயராம். நான் அதைத் தமிழில் எழுத்துக் கூட்டிப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

"நான் ஏதாவது செஞ்சதால வந்ததா டாக்டர்? பட்டினி கிடந்தது, ரொம்ப நடந்தது?"

"இல்ல. நீங்க ஒண்ணும் செஞ்சு வந்ததில்ல. இது அப்படி ஒரு நோய்."

ரஹாங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்துகொண்டு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வலி வரும் நாட்களில் சோயா புட்டியில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி, மேஜைக்குக் கீழே வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் வாய்ப்பாடு கேட்பேன். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அந்த டிக்கெட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இருபத்தேழு வருஷமாக என்னோடு இருந்ததற்குப் பெயர் இருக்கிறது. ஊரில் இருந்து இதைப் படிக்கப்போகும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. கூடவே இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

2

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முதல் வலி வந்தபோது அம்மா வெந்தயத்தை மோரில் கரைத்துக் கொடுத்தாள். அடுத்த மாதம் பெருங்காயம், அதற்கடுத்த மாதம் மலைவேம்பு. எதற்கும் அடங்கவில்லை. கொல்லைப்பக்கத்து அறையில் சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருக்கும் என்று அதில் கவிழ்ந்து படுத்துக் கிடப்பேன். அப்பா காதில் விழக் கூடாது என்பதற்காக அம்மா கதவைச் சாத்துவாள்.

"கல்யாணம் ஆனா சரியாயிடும்டி" என்பாள்.

எட்டாவதுவரை படித்திருந்தேன். பத்தொன்பது வயதில் மலாயாவில் கிராணி வேலை பார்ப்பவர் என்று பெண் பார்க்க வந்தார்கள். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸில் பெயரேடு எழுதும் குமாஸ்தா. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். கப்பலில் மூன்றாம் நாளே வலி வந்துவிட்டது. என் கணவருக்கு அது கடல் ஒவ்வாமை என்று நினைப்பு. எலுமிச்சம்பழம் தேடிக் கப்பல் முழுக்க அலைந்தார். விஷயத்தை நான் அழுதுகொண்டே சொன்னேன். "இதுக்கு ஏன் அழறே, உடம்புதானே" என்றார். எங்கள் வீட்டில் இதைக் கதவு சாத்தாமல் யாரும் பேசியதில்லை.

நீலாய்ப் பக்கம் மேட்டு நிலத்தில் இருந்தது தோட்டம். சுற்றிலும் ரப்பர் மரம். ஆபீஸுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒற்றை அறையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. வாத்தியார் ஊருக்குத் திரும்பிவிட்டதால் என்னைப் போட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் மாதிரி இருந்த டிரஸர் நாக்கை நீட்டச் சொல்வார், மலேரியாவுக்கான கொயினா மருந்தைக் கொடுப்பார். மாதம் ஒரு தரம் வந்த வெள்ளைக்கார டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கம். அதைக் கேட்க அவருக்கும் நேரம் இல்லை.

கல்யாணம் ஆகியும் சரியாகவில்லை என்று அம்மாவுக்கு எழுதினேன். குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. குழந்தை பிறக்கவில்லை. ஐந்தாவது வருஷம் மாமியார் என் கணவருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். அவர் அதை என்னிடம் காட்டவில்லை. அடுப்பில் போட்டதைப் பார்த்தேன். என்ன எழுதியிருப்பார் என்று தெரியாதா எனக்கு.

3

வெள்ளைக்காரர்கள் ஓடிப்போனார்கள். ஜப்பான்காரன் வந்தான். அரிசி குறைந்து குறைந்து மரவள்ளிக்கிழங்குக்கு வந்து நின்றது. அந்தக் காலப் பசியைப் பற்றி நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். துணியைப் பற்றி எழுதுகிறேன்.

கடைகளில் துணி கிடையாது. இருப்பதைக் கிழியக் கிழியக் கட்டினோம். தோட்டத்தில் ஆண்கள் சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். எனக்கோ மாதத்தில் எட்டு நாள், சில மாதம் பத்து நாள் உதிரம் போகும். கொண்டுவந்த சேலைகளை ஒவ்வொன்றாகக் கிழித்தேன். கடைசியில் கூறைச்சேலைக்கு வந்தேன். பட்டு ஈரத்தை உறிஞ்சாது என்று அதைக் கிழித்த பிறகுதான் புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாக்கியம் பழக்கமானாள். கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த பால்மரத் தொழிலாளி. என்னைவிட இரண்டு வயது பெரியவள். அவள் மகள் மாரியாயி அப்போது நாலு வயதுக் குழந்தை. புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போட என்று முதல் கும்பலிலேயே பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பிள்ளைகள் ஜப்பான் எழுத்தை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்க, நான் கரும்பலகைக்குக் கீழே சுருண்டு கிடந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். உள்ளே வந்து என் பின்புறத்தைப் பார்த்தாள். தன் தலைத்துணியை அவிழ்த்து என் இடுப்பில் சுற்றிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். பழைய மாவுச் சாக்கைச் சாம்பலில் வேகவைத்து, அடித்துத் துவைத்து மெதுவாக்கியிருந்தாள்.

"இத வச்சுக்குங்க டீச்சரம்மா. சாக்குன்னு பாக்காதீங்க. நல்லா வெந்துருக்கு, உறுத்தாது."

"உனக்கு வேணாமா பாக்கியம்?"

"எனக்கு ஏது? மூணு மாசமா நின்னுபோச்சு. சோறு இல்லாத ஒடம்புக்கு எங்கேருந்து வரும்." சிரித்தாள். "ஒங்களுக்கு மட்டும் எப்படித்தான் நிக்காம வருதோ."

பெரும்பாலான பெண்களுக்குப் பசியில் நின்றுபோயிருந்தது. என் உடம்புக்கு மட்டும் பஞ்சம் தெரியவில்லை. நாள் கணக்கும் தப்பிப்போய், சில மாதம் பதினைந்து நாளிலேயே வந்து நிற்கும்.

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஒரு ஜப்பான் அதிகாரி வருவார். அவருக்கு இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். ஒருதரம் வளைந்தவள் நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மரியாதை இல்லை என்று நினைத்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டார். நோய் என்று சொல்ல ஆசிரியர் வகுப்பில் எங்களுக்கு 'பியோகி' என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பதற்றத்தில் 'பியோயின்' என்று சொல்லிவிட்டேன். அது ஆஸ்பத்திரி. நான் ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். தோட்டத்தை விட்டு வெளியே போவதற்கான பாஸ் அது. அந்தக் காலத்தில் தங்கத்தைவிட அரிது.

நான் போன நாளில் டவுனில் மருந்து இல்லை. ஆனால் வயிற்றுவலியைச் சொன்னால் பாஸ் கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

4

இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் சயாமுக்கு மறுபடி ஆள் கேட்டார்கள். இந்தத் தடவை பெயரேடு எழுதத் தெரிந்தவர்களும் வேண்டுமாம். பட்டியலை என் கணவர்தான் நகல் எடுத்தார். அதில் ஆறாவதாகத் தன் பெயரைத் தன் கையாலேயே எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தார். சாப்பிட்ட பிறகுதான் சொன்னார்.

"லாரி என்னைக்கு வரும்னு தெரியல. இந்த வாரத்துக்குள்ள வரும்."

அவருடைய சிநேகிதர் ஒருவர் தெமியாங்கில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். அங்கே போய்விட்டால் தாள் இல்லாத ஆள் ஒருவரை ஒளித்து வைக்க இடம் உண்டு. ஆனால் சாலையில் சோதனைச் சாவடி. பாஸ் வேண்டும். என் கணவர் ஜப்பான் அதிகாரியிடம் போய் மனைவிக்கு வியாதி அதிகம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று கும்பிட்டார். என் முகம் அவருக்கு நினைவிருந்ததோ என்னவோ, கொடுத்துவிட்டார். இரண்டு பேர், ஒரு நாள், வியாழக்கிழமை.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒன்றும் இல்லை. புதன்கிழமை இடுப்பில் லேசாக இழுத்தது. அவரிடம் சொல்லவில்லை. போன தடவை வந்து பதினேழு நாள்தான் ஆகியிருந்தது, இருக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வியாழன் காலை பெரட்டு முடிந்து, ஆட்கள் பால் எடுக்க மரம் வெட்டப் போன பிறகு கிளம்பினோம். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது. சாலைக்கு ஆறு மைல், ரப்பர் மரங்களுக்கு நடுவே மண்பாதை. அரை மைல்தான் போயிருப்போம். வயிற்றுக்குள் யாரோ கயிற்றைக் கட்டி முறுக்குவது மாதிரி வந்தது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டேன். பால் வடிந்துகொண்டிருந்த கிண்ணம் தட்டிக் கவிழ்ந்தது. கால் வழியாக உதிரம் ஓடிற்று. வாந்தி எடுத்தேன். பிறகு நிற்க முடியவில்லை.

அவர் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். கிழங்கு தின்ற உடம்பு. அவராலும் முடியவில்லை. கீழே இறக்கினார்.

"நீங்க மட்டும் போங்க" என்றேன்.

"பாஸ்ல ரெண்டு பேர்னு போட்டிருக்கு. வியாதிக்காரி எங்கேன்னு கேப்பான்."

பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த பாக்கியம் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். நிலைமையைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"கிராணி ஐயா, இவங்கள நான் பாத்துக்குறேன். நீங்க ரோட்டுப் பக்கம் போவாதீங்க. அந்தாண்ட தாழ எறங்குனா சதுப்புக் காடு. அங்க ரெண்டு நாளு கெடங்க. நான் கெழங்கு கொண்டாந்து தாரேன்."

அவர் காட்டுப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் இருந்த பாஸை விரித்துப் பார்த்தார். பதினோரு வருஷம் ஆபீஸில் வேலை செய்த மனிதர். முத்திரை குத்திய தாளை வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடுவது அவருக்கு இயற்கையாக வரவில்லை.

"இன்னைக்கு தேதி போட்டிருக்கு. அத மட்டும் நாளைக்குன்னு மாத்தி வாங்கிட்டா போதும். நாளைக்கு உனக்குக் கொஞ்சம் தேவலாமா இருக்கும். மாட்டு வண்டியும் கேட்டுப் பாக்கறேன்."

"ஆபீசுக்கா போறீங்க?" என்றாள் பாக்கியம். "வேணாங்கய்யா. லாரி வந்தா எங்க வரும்? ஆபீசுக்குத்தான வரும்."

"அரை மணி நேரத்துல வந்துடுவேன்."

போக வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து என் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டதுகூடத் தொந்தரவாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் போனதை நான் பார்க்கவில்லை.

5

பாக்கியமும் இன்னொரு பெண்ணும் என்னைத் தாங்கி லயத்துக்குக் கொண்டுவந்து பாயில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் லாரிச் சத்தம் கேட்டது. பாக்கியம் ஓடினாள். எழுந்து வாசல்வரை போய்விட வேண்டும் என்று கையை ஊன்றினேன். முழங்கை மடங்கிற்று. இரண்டாவது தரமும் மடங்கிற்று. லாரி புறப்பட்டு மேடு ஏறி, சத்தம் தேய்ந்து இல்லாமல் போகிறவரை அந்தப் பாயிலேயே கிடந்தேன்.

பாக்கியம் திரும்பி வந்தபோது கையில் பாஸ் இருந்தது.

"லாரிமேலேருந்து நீட்டுனாரு. தேதி மாத்தியாச்சாம், நாளைக்குப் போய் மருந்து வாங்கச் சொன்னாரு" என்றாள்.

மறுநாளும் என்னால் எழ முடியவில்லை. அதற்கடுத்த நாளும்தான்.

அந்த வருஷக் கடைசியில் பாக்கியத்துக்குக் காலில் புண் வந்து எலும்பு தெரிய அரித்தது. மருந்து இல்லை. பத்து நாள் காய்ச்சலில் கிடந்து இறந்துபோனாள். மாரியாயியை என் மடியில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனாள். எனக்கு அவள் செய்ததில் நூறில் ஒரு பங்குகூட நான் அவளுக்குச் செய்யவில்லை. புண்ணைச் சுற்றக்கூட ஒரு நல்ல துணி என்னிடம் இருக்கவில்லை.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து சிலர் திரும்பி வந்தார்கள். எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் அவரை ஒரு முகாமில் பார்த்திருக்கிறார். செத்தவர்கள் பெயரை ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தாராம். பிறகு அந்த முகாமில் காலரா என்று இவர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான் தெரியும். அவர் இறந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. பாக்கியத்தின் புருஷனையும் யாரும் பார்க்கவில்லை.

நான் டவுனுக்கு வந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். இந்த நாட்டில் எந்தத் தாளை எடுத்தாலும் கணவர் என்று ஒரு கட்டம் இருக்கும். உயிருடன் இருக்கிறார், காலமானார், இரண்டில் ஒன்றை அடிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக எதையும் அடிக்காமல் கொடுத்துக்கொண்டு வந்தேன். குமாஸ்தாக்களும் விட்டுவிட்டார்கள்.

6

மாரியாயிக்கு இப்போது பதினெட்டு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று எழுதிக்கொண்டவர் காதில் விழுந்தபடி மேரி என்று எழுதிவிட்டார். போய் மாற்றச் சொல்லலாம் என்றபோது, "இருக்கட்டும்மா, கூப்ட ஈசியா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். சிநேகிதிகளோடு இங்கிலீஷும் மலாயும் கலந்து சிரித்துப் பேசுவாள். எனக்குப் பாதி புரியாது. தமிழ்ப் பத்திரிகையை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பத்து வரி கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள்.

டாக்டரம்மா கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். வலி முழுவதும் போய்விடும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. குறையும் என்றார். ஆபரேஷன் தாளில் கணவர் கையெழுத்து வேண்டுமாம். இல்லை என்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். என்னிடம் இரண்டும் இல்லை.

மாரியாயிதான் ஜன்னலில் போய் அரைமணி நேரம் வாதாடினாள். திரும்பி வந்து சொன்னாள்.

"அம்மா, நான் சைன் பண்றேன்னு சொன்னேன். என் பர்த் பேப்பர்ல அம்மான்னு வேற பேரு இருக்குல்ல, அதனால நான் மகள் இல்லையாம். அவன் ரூல் அப்படித்தான் லா. சத்தியம் வாங்குற ஆபீசர்கிட்ட போயி, ஹஸ்பண்ட் செத்துட்டாருன்னு நீங்க எழுதிக் கொடுத்தா போதுமாம்."

வீட்டுக்கு வந்த பிறகு அந்த வியாழக்கிழமையைப் பற்றி அவளிடம் முதன்முதலாகச் சொன்னேன். அவள் அம்மா ஓடி வந்ததை, காட்டைக் காட்டியதை, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை. எனக்குத் தலை நிமிரவில்லை.

"அவரு காட்டுக்குள்ள போயிருக்கலாம்தானே" என்றாள்.

"எனக்கு வலி வராம இருந்திருந்தா ரெண்டு பேரும் சாலைக்கே போயிருப்போம்."

"டாக்டர்தான் சொன்னாங்களே, உங்க தப்பு இல்லைன்னு."

"வலி என் தப்பு இல்லைன்னுதான் சொன்னாங்க."

அவள் எழுந்து போய் வெந்நீர் வைத்தாள்.

நேற்று அந்த அதிகாரியிடம் போனோம். கடைத்தெருவில் மாடியில் ஒரு அறை. வயதான சீனர், கண்ணாடி போட்டவர், அவசரம் காட்டாதவர். இங்கிலீஷில் தட்டெழுத்து அடித்திருந்த தாளை ஒவ்வொரு வரியாக வாசிக்க, மாரியாயி எனக்குத் தமிழில் சொன்னாள். கடைசியில், சத்தியம் செய்கிறவர் தன் வாயால் முழுவதும் சொல்ல வேண்டும் என்றார். கணவரின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. கட்டங்களில் எழுதியிருக்கிறேனே தவிர, ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. மண்பாதையில் அவர் நடந்து போன அந்தக் காலையில்கூட, கூப்பிட்டு நிறுத்த என் வாயில் ஒரு பெயர் இருக்கவில்லை. மாரியாயிக்கு இது தெரியும். தான் சொல்லட்டுமா என்று அதிகாரியைக் கேட்டாள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"என் கணவர் சோமசுந்தரம் இறந்துவிட்டார் என்று மனமார நம்புகிறேன்" என்றேன்.

அதிகாரிக்குச் சரியாகக் காது கேட்கவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.